வாக்கு எவருடைய சொத்து?
நியூவாக் நகரின் பாராளுமன்றப் பிரதிநிதித்துவ வரலாறு பற்றிய ஒரு மறுபார்வை

பிரித்தானியப் பாராளுமன்ற ஜனநாயகத்தின் வளர்ச்சி பற்றி எமது மாணவர் கற்கும் பாடம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்ததாகும். 1832, 1867, 1884, 1918, 1928 என ஆண்டுகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வோர் ஆண்டிலும் வாக்குரிமை சற்று விரிவடைகின்றது. ஈற்றில் வயதுவந்தோர் யாவரும் வாக்காளராகின்றனர். ஆளும் வர்க்கத்தினர் காலத்தின் போக்கையறிந்து, தாமாகவே மனமுவந்து, தவணை முறையில் வழங்கிய கொடையாக ஜனநாயகம் இப்பாடத்திலே காட்சியளிக்கின்றது. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலத்துள் எழுதி முடிப்பதற்கு இது வசதியான வரலாறுதான். ஆனால், உண்மை வரலாறு இதுவன்று.

இப்பாடத்தின் அடிப்படைக் குறை ஒன்றுண்டு. வாக்களிக்கத் தகுதி பெற்றோரின் தொகையை மட்டுமே அது எண்ணுகின்றது. அவ்வாக்கினை அளித்தவன் அதன்பின் எங்கே உறங்கினான், எவருடைய நிலத்தில் உழைத்தான், எவருக்கு அஞ்சினான் என்பதை அது கேட்பதில்லை. வாக்குரிமை என்பது சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட மாத்திரத்தில் உரிமையாகிவிடுவதில்லை. வாக்காளனின் கூரையும் உணவும் இன்னொருவனின் கையில் இருக்கும்வரை, அந்த வாக்கும் அவனது கையிலேயே இருக்கும். இதுவே இக்கட்டுரையின் வாதம். இதனை நிறுவுவதற்கு இங்கிலாந்தின் சந்தை நகர் ஒன்றின் வரலாறே போதுமானது.

நொட்டிங்காம் மாநிலத்தில் ட்ரென்ற் நதிக்கரையில் அமைந்துள்ளது நியூவாக். பெருஞ்சாலையும் நதியும் அண்மித்துச் செல்லும் இடம்; நடுவே சந்தைச் சதுக்கம்; ஆற்றோரத்தில் சிதைந்த கோட்டை. மகாசாசனத்துக்கு இணங்கிய ஜோன் மன்னன் மறு ஆண்டிலேயே, அதாவது 1216இல், இக்கோட்டையில்தான் இறந்தான். பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் இந்நகர் மன்னனின் பக்கம் நின்றது, மும்முறை முற்றுகையிடப்பட்டது, 1646இல் முதலாம் சாள்ஸ் மன்னனே ஆணையிட்ட பின்னர்தான் சரணடைந்தது. இவ்விசுவாசத்துக்குக் கைம்மாறாக இரண்டாம் சாள்ஸ் மன்னன் 1673இல் பட்டயம் வழங்கி, பாராளுமன்றத்துக்கு இரு உறுப்பினரை அனுப்பும் உரிமையை நியூவாக்கிற்கு அளித்தான். மன்னன் தனது பட்டயத்தினால் ஆசனங்களைப் படைக்கலாமா என்ற சர்ச்சை எழுந்தது. 1677இலேயே மக்கள் சபை இதனை ஏற்றுக்கொண்டது. அரச பட்டயத்தின் மூலம் இவ்வுரிமை பெற்ற கடைசி நகர் இதுவேயாகும். மக்கள் கேட்டுப் பெற்றதன்று. மன்னன் தன் அன்பருக்கு அளித்த சன்மானம். ஆசனம் பிறந்தபோதே அது ஒரு பரிசுப் பொருளாகத்தான் பிறந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனினும், நியூவாக்கை 'அழுகிய தொகுதி'களுள் ஒன்றாகக் கருதுதல் தவறு. ஓல்ட் சாரம் போன்ற இடங்களில் ஊரே இல்லை. வாக்காளர் ஒரு சிலரே. நியூவாக்கிலோ நிலைமை வேறு. ஊர்ப் பொதுச்செலவுக்கான வரிகளைச் செலுத்திய குடும்பத் தலைவர் அனைவருக்கும் அங்கு வாக்குண்டு. நாம் சோலைவரி என்று சொல்வதற்கு ஒப்பான வரி அது. கொல்லன், தச்சன், மாவரைப்போன், கடைக்காரன் எனப் பலரும் வாக்காளராயிருந்தனர். அக்கால இங்கிலாந்தின் அளவுகோலின்படி இது பரந்த வாக்குரிமையே. அங்ஙனமாயின், நியூவாக் சுதந்திரமான நகராக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவ்வாறு இருக்கவில்லை. தொகையை மட்டும் எண்ணும் பாடம் முதலில் இடறி விழும் இடம் இதுதான்.

நகரின் வீடுகளிற் கணிசமானவை நியூகாசில் கோமகனுக்குரியவை. நகரைச் சூழ்ந்த முடிக்குரிய நிலங்களையும் அவரே குத்தகைக்குப் பெற்றிருந்தார். வீட்டு வாடகையும் நிலக் குத்தகையும் அவரது காரியத்தரின் கணக்கேட்டில் இருந்தன. வாக்கோ பகிரங்கமாக அளிக்கப்பட வேண்டியது. தேர்தல் மேடைக்குச் சென்று, பெயரைச் சொல்லி, எவருக்கு வாக்களிக்கிறேன் என்பதை உரத்துக் கூறவேண்டும். எழுத்தர் அதனைப் பதிவு செய்வார். அக்கால ஆங்கில நகரங்களிலே அப்பதிவுகள் அச்சிடப்பட்டு விற்கப்படுவதும் உண்டு. ஒரு கையில் வாடகை ஏட்டையும் மறு கையில் வாக்குப் பதிவேட்டையும் வைத்திருந்த காரியத்தருக்கு வேறெந்த ஒற்றனும் தேவைப்படவில்லை.

1829ஆம் ஆண்டில் இவ்வேற்பாட்டின் முகமூடி கழன்றது. கத்தோலிக்கருக்குப் பாராளுமன்ற உரிமை அளிக்கும் சட்டத்தை வெலிங்டன் அரசாங்கம் கொண்டுவந்தது. நான்காவது நியூகாசில் கோமகன் அதனை மூர்க்கமாக எதிர்த்தவர். நியூவாக்கின் உறுப்பினராயிருந்த சேர் வில்லியம் கிளின்ரன் கோமகனோடு உடன்பட இயலாத நிலையில் ஆசனத்தைத் துறந்தார். ஆசனம் தந்தவரின் கருத்துக்கு மாறாக வாக்களிப்பதாயின் ஆசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே கண்ணியம் என்பது அக்கால வழக்கு. எவரிடம் திருப்பிக் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். தெரிவு செய்த மக்களிடம் அன்று; உடைமையாளரிடம்.

வெற்றிடத்துக்குக் கோமகன் நிறுத்தியவர் மைக்கல் தோமஸ் சட்லர். எதிர்த்துப் போட்டியிட்டவர் சட்டவறிஞர் தோமஸ் வைல்ட். இவர் 1820இல் கரோலைன் அரசியின் வழக்கில் அவருக்காக வாதாடியவர்களுள் ஒருவர். முடிவு: சட்லருக்கு 801, வைல்டுக்கு 587. கோமகன் வென்றார். ஆயினும் அவரது சினம் தணியவில்லை. வைல்டுக்கு வாக்களித்த குடியிருப்பாளருட் பலர் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறுமாறு அறிவித்தல் பெற்றனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அதற்குக் கோமகன் கூறிய விடை வரலாற்றில் நிலைத்துவிட்டது: எனக்குரியதைக் கொண்டு நான் விரும்பியவாறு செய்வது நியாயமாகாதோ என்று அவர் கேட்டார்.

இவ்விடையின் மொழி விவிலியத்தின் மொழி. மத்தேயு எழுதிய சுவிசேஷத்திலே திராட்சைத் தோட்டத்து உடைமையாளன் கேட்கும் கேள்வி அது. ஆனால், அவ்வுவமையில் உடைமையாளன் செய்தது யாது? மாலையில் வந்து ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும் நாள் முழுவதும் உழைத்தவனுக்குரிய கூலியைக் கொடுத்தான். பிறர் முணுமுணுத்தபோது, எனக்குரியதைக் கொண்டு நான் தாராளமாயிருத்தல் ஆகாதோ என்றான். கொடுப்பதற்காகச் சொல்லப்பட்ட சொல்லைப் பறிப்பதற்காக எடுத்தாண்டார் கோமகன். வேதத்தின் பெயரால் கத்தோலிக்கரின் உரிமையை எதிர்த்தவர், அதே வேதத்தைத் தலைகீழாக வாசித்தமை தற்செயலானதன்று. வாக்காளனையும் வீட்டையும் நிலத்தையும் 'எனக்குரியது' என்ற ஒரே சொல்லில் அடக்கியபோது, பிரதிநிதித்துவம் பற்றிய தமது வர்க்கத்தின் தத்துவத்தை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார். அந்த நேர்மைக்காகவேனும் அவருக்கு நாம் நன்றி கூறலாம்.

நியூவாக் மக்கள் வாளாவிருக்கவில்லை. 1830இல் பாராளுமன்றத்துக்கு முறைப்பாட்டு மனு அனுப்பினர். முடிக்குரிய நிலம் பொதுச் சொத்து. அப்பொதுச் சொத்தின் குத்தகையைக் கொண்டே குடிமக்களின் வாக்குகள் நெரிக்கப்படுகின்றன என்பது அவர்களது குற்றச்சாட்டின் சாரம். மக்கள் சபை விசாரணைக் குழு அமைக்க மறுத்தது. மறுத்ததில் வியப்பில்லை. அச்சபையின் உறுப்பினருட் பலர் இதே முறையில் வந்தமர்ந்தவர்களே.

ஆனால், 1831இல் என்ன நிகழ்ந்தது? சீர்திருத்த மசோதா நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த வேளையில் நடைபெற்ற பொதுத்தேர்தலில், பழைய சட்டத்தின் கீழேயே, அதே பகிரங்க வாக்களிப்பிலேயே, நியூவாக் மக்கள் வைல்டைத் தெரிவு செய்தனர். அயலவர் வெளியேற்றப்பட்டதை ஈராண்டுகளுக்கு முன்பு கண்டவர்கள், அதே மேடையில் ஏறி அதே பெயரை உரத்துக் கூறினர். எமது பாடப்புத்தகங்கள் வெஸ்ற்மின்ஸ்ரரில் பேசப்பட்ட பேச்சுக்களைப் பக்கம் பக்கமாகத் தருகின்றன. இந்த மனிதர்களைப் பற்றி ஒரு வரிதானும் எழுதுவதில்லை. சீர்திருத்தம் அவர்களுக்குக் கிடைத்த கொடை என்கின்றன. கொடை பெறுபவன் வீட்டை இழப்பதில்லை.

அவ்வாண்டு ஒக்டோபரில் பிரபுக்கள் சபை சீர்திருத்த மசோதாவை நிராகரித்தது. 10ஆம் திகதி நொட்டிங்காம் நகரில் திரண்ட கூட்டம் கோமகனுக்குச் சொந்தமான நொட்டிங்காம் கோட்டை மாளிகைக்குத் தீ வைத்தது. அரச நீதியின் இரு தட்டுக்களையும் இவ்விடத்திலே ஒப்பிட்டு நோக்குவோம். யாரும் வசியாத மாளிகை எரிந்ததற்கு இழப்பீடாகக் கோமகனுக்கு 21,000 பவுண் வழங்கப்பட்டது. அது அப்பகுதி மக்களின் தலையிலேயே சுமத்தப்பட்டது. அதே கலவரத்தின்போது பீஸ்ரனில் பட்டு ஆலையை எரித்த குற்றத்துக்காக மூவர் 1832இல் தூக்கிலிடப்பட்டனர். வாக்களித்த குற்றத்துக்காக வீடிழந்த நியூவாக் குடும்பங்களின் குறையை விசாரிப்பதற்குத்தானும் அதே பாராளுமன்றம் இணங்கியிருக்கவில்லை.

1832இல் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. பாடப்புத்தகத்தின்படி இருள் நீங்கிப் பொழுது விடிந்தது. நியூவாக்கிலே விடிந்ததா? அவ்வாண்டு டிசம்பரில் நிகழ்ந்த முதலாவது சீர்திருத்தத் தேர்தலின் பெறுபேறு இது: கிளாட்ஸ்ரன் 887, ஹான்ட்லி 798, வைல்ட் 726. பழைய சட்டத்தின் கீழ் தோற்ற கோமகன், புதிய சட்டத்தின் கீழ் வென்றார். மக்களின் வேட்பாளர் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். முதலிடம் பெற்றவர், இருபத்துமூன்று வயது நிரம்பாத வில்லியம் எவாட் கிளாட்ஸ்ரன். கோமகனின் மகன் லிங்கன் பிரபு அவரது பல்கலைக்கழக நண்பன். ஒக்ஸ்போர்ட் மாணவர் மன்றத்தில் சீர்திருத்தத்தை எதிர்த்து அவர் ஆற்றிய உரையே அவருக்கு ஆசனத்தைப் பெற்றுக்கொடுத்தது. தேர்தற் செலவைக் கோமகனும் வேட்பாளரின் தந்தையும் பங்கிட்டுக்கொண்டனர்.

அத்தந்தை யார்? டெமராராவில் கரும்புத் தோட்டங்களுக்கும் அவற்றில் உழைத்த அடிமைகளுக்கும் உடைமையாளரான ஜோன் கிளாட்ஸ்ரன். 1833இல் நியூவாக்கின் புதிய உறுப்பினர் மக்கள் சபையில் எழுந்து, தந்தையின் தோட்டத்து நிர்வாகத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுக்களை மறுத்துப் பேசினார். அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது 2,508 மனிதருக்கு இழப்பீடாக அத்தந்தை பெற்றது 106,769 பவுண். அம்மனிதர் பெற்றது எதுவுமில்லை. ட்ரென்ற் நதிக்கரையின் கொல்லனும் தச்சனும் அனுப்பிய பிரதிநிதியின் வாய் டெமராராத் தோட்ட உடைமையாளருக்காகத் திறந்தது. 'பிரதிநிதி' என்ற சொல்லுக்குப் பொருள் தேடுவோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்பாராக.

இக்கட்டத்தில் ஒரு மறுப்பு எழுதல் இயல்பே. "கோமகனின் கை தீயதாயினும் அது தெரிந்தெடுத்தவர்கள் தீயவர்களல்லர். சட்லர் பின்னர் ஆலைச் சிறுவரின் வேலை நேரத்தைக் குறைக்கப் போராடினார். கிளாட்ஸ்ரன் நான்கு முறை பிரதமரானார். திறமைசாலிகளுக்கு இளமையிலேயே பாராளுமன்றக் கதவைத் திறந்தது அம்முறைதானே?" என்பர். இவ்வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. சட்லரின் தொண்டு மெய்யானது. ஆனால், நல்லவர் ஒருவரைப் பெற்றுக்கொள்வது வேறு, அவரைத் தெரிவு செய்வது வேறு. அதன் வேறுபாட்டை நியூவாக்கே பின்னர் நிரூபித்துக் காட்டியது.

1845 டிசம்பரில் கிளாட்ஸ்ரன் பீல் அமைச்சரவையில் குடியேற்றநாட்டு அமைச்சரானார். அக்காலச் சட்டப்படி அமைச்சர் பதவி ஏற்பவர் மீண்டும் தம் தொகுதியிற் போட்டியிட வேண்டும். பீல் தானியச் சட்டங்களை நீக்க முனைந்தார். கோமகனோ அச்சட்டங்களின் காவலர். பதின்மூன்று ஆண்டுகள் நியூவாக்கின் உறுப்பினராயிருந்த அமைச்சர், கோமகனின் எதிர்ப்புக்கு மாறாக அங்கே போட்டியிட முனையவில்லை. விளைவு விசித்திரமானது. நூற்றாண்டின் மாபெரும் பொருளாதார விவாதம் மக்கள் சபையில் நடந்தபோது, குடியேற்றநாடுகளின் பொறுப்பமைச்சர் அச்சபையில் ஆசனமின்றி வெளியே நின்றார். 1847இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத் தொகுதியிலேயே அவர் மீண்டும் உறுப்பினரானார். இதே பிரச்சினையில் பீலின் பக்கம் நின்ற லிங்கன் பிரபு 1846இல் தென் நொட்டிங்காம் தொகுதியில் தோல்வியுற்றார். மகனைத் தோற்கடிக்கத் தந்தையே முன்னின்றார். திறமைசாலிக்குக் கதவைத் திறந்த கை, அவர் சுயமாகச் சிந்தித்த அன்றே அதே கதவைச் சாத்தியது. திறவுகோல் மக்களிடம் இருக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இரண்டாவது மறுப்பு கனதியானது. அது ஜோன் ஸ்ருவட் மில் போன்ற ஒரு பேரறிஞரிடமிருந்து வருவது. பிரதிநிதித்துவ அரசாங்கம் பற்றி 1861இல் வெளிவந்த தமது நூலிலே மில் இரகசிய வாக்களிப்பை எதிர்த்தார். வாக்கு தனிச் சொத்தன்று. அது பொதுப் பொறுப்பு. ஆகவே பொதுமக்களின் கண் முன்னே அளிக்கப்பட வேண்டும் என்றார். நிலக்கிழாரின் அச்சுறுத்தல் முன்னரெனின் இரகசியத்துக்குத் தக்க காரணமாயிருந்திருக்கும், இப்போது அது குன்றிவிட்டது என்பதும் அவரது கருத்து. வாக்கு தனிச் சொத்தன்று என்ற கொள்கையை நாமும் ஏற்கின்றோம். ஆனால், மில் கற்பனை செய்த பொதுமக்களின் கண் நியூவாக் மேடையில் இருக்கவில்லை. அங்கிருந்தது காரியத்தரின் கண். சமமானவர்களிடையே பகிரங்கம் பொறுப்பை வளர்க்கும். உடைமையாளனுக்கும் குடியிருப்பாளனுக்குமிடையே அது அடிமைத்தனத்தையே வளர்க்கும். அச்சுறுத்தல் குன்றிவிட்டது என்ற மதிப்பீட்டை வரலாறே மறுத்தது. அந்நூல் வெளிவந்து ஏழாண்டுகளில், 1868 பொதுத்தேர்தலின் பின்னர், வேல்ஸ் நாட்டில் லிபரல் கட்சிக்கு வாக்களித்த விவசாயிகள் தம் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1829இன் நியூவாக் 1868இன் வேல்ஸில் மறுபடியும் அரங்கேறியது. இடையிலே 1832உம் 1867உம் வந்து போயிருந்தன. வாக்காளர் தொகை பெருகியிருந்தது. வெளியேற்றும் அதிகாரம் மட்டும் அப்படியே இருந்தது.

இவ்வதிகாரத்தின் பல்லைப் பிடுங்கியது 1872ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டுச் சட்டமேயாகும். அதனைக் கொண்டுவந்த அரசாங்கத்தின் பிரதமர் கிளாட்ஸ்ரன்! கோமகனின் கையினால் பாராளுமன்றம் புகுந்தவர், நெடுங்காலம் இரகசிய வாக்களிப்பை ஏற்காதிருந்தவர், ஈற்றில் அதனைச் சட்டமாக்கினார். தாய்நாடு சேய்நாடுகளுக்கு ஜனநாயகம் கற்பித்தது என்போர் இன்னொன்றையும் அறிதல் நன்று. அவுஸ்திரேலியாவின் விக்ரோரியாவும் தென் அவுஸ்திரேலியாவும் 1856இலேயே இரகசிய வாக்களிப்பைச் சட்டமாக்கிவிட்டன. இங்கே மாணாக்கனாயிருந்தது வெஸ்ற்மின்ஸ்ரரே. புதிய சட்டத்தின் கீழ் முதலாவது இடைத்தேர்தல் 1872 ஓகஸ்ட் 15இல் யோர்க்சயரின் பொன்ரிபிராக்ற் என்னும் மற்றொரு சந்தை நகரில் நடைபெற்றது. அன்றுதான் ஆங்கில வாக்காளன் முதன்முறையாகத் தன் எசமானனுக்குத் தெரியாமல் தன் பிரதிநிதியைத் தெரிந்தெடுத்தான்.

1883ஆம் ஆண்டின் சட்டம் தேர்தற் செலவுக்கு உச்சவரம்பு விதித்தது. 1885இல் நியூவாக் தனி நகரத் தொகுதி என்ற நிலையை இழந்தது. மன்னன் சன்மானமாக அளித்த இரு ஆசனங்களும் மறைந்தன. சுற்றியுள்ள நாட்டுப்புறத்தையும் அடக்கிய பெருந்தொகுதி ஒன்றுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. அப்பெருந்தொகுதி இருபதாம் நூற்றாண்டிலே கன்சவேட்டிவ் கட்சியையும் தொழிற் கட்சியையும் மாறி மாறித் தெரிவு செய்தது. கோமகனின் காலத்திலே கனவிலும் எண்ண முடியாத இம்மாற்றத்துக்குக் காரணம் வாக்காளர் தொகையின் பெருக்கம் மட்டுமன்று. வாக்காளனின் கூரை வாக்கிலிருந்து பிரிக்கப்பட்டமையே.

ஆயினும் கதை முடிந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. 2014இல் நியூவாக்கின் உறுப்பினர் பற்றிக் மேர்சர், பணம் பெற்றுக்கொண்டு சபையிலே பிறரின் நலனுக்காகச் செயற்பட்ட விவகாரத்தில் பதவி துறக்க, இடைத்தேர்தல் நடத்த நேரிட்டது. வாக்காளனை வாங்குவது கடினமாகிய பின்னர், வாக்குப் பெற்றவனை வாங்க முனைவதே பணத்தின் இயல்பு. இரகசியம் வாக்காளனுக்கு வேண்டும். பகிரங்கம் பிரதிநிதிக்கு வேண்டும். மில் கேட்ட பொதுமக்களின் கண் இருக்கவேண்டிய சரியான இடம் அதுவே.

பாராளுமன்ற ஆட்சிமுறையை வெஸ்ற்மின்ஸ்ரரிலிருந்து பெற்றுக்கொண்ட நாட்டின் மாணவர் நாம். பெற்றுக்கொண்டதன் சட்ட விதிகளை மட்டும் மனனம் செய்து, அவை எவ்வாறு பிறந்தன என்பதை மறந்துவிடுவோமாயின், விதிகள் இருந்தும் உரிமை இல்லாத நிலையை எம்மால் இனங்காண இயலாது போகும். எந்த நாட்டிலாயினும் தேர்தல் ஒன்றை மதிப்பிடும்போது, எத்தனை பேருக்கு வாக்குண்டு என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. வாக்களித்த மறுநாள் அவ்வாக்காளனை வீட்டிலிருந்தோ வேலையிலிருந்தோ வெளியேற்றும் வல்லமை எவருக்குண்டு என்றும் கேட்க வேண்டும். அக்கேள்விக்கு ஒருவரின் பெயரேனும் விடையாக வருமாயின், அவ்வாக்கு அவருடைய சொத்தேயன்றி வாக்காளனுடையதன்று. ஜனநாயகம் கோமகன்களின் கொடை எனக் கற்பிப்போருக்கு, 1829இல் அம்மேடையேறிய 587 பேரும் விடை கூறிவிட்டனர். அவ்விடையைப் பாடத்திட்டத்திற் சேர்ப்பது எமது கடமையாகும்.